ஆறு மணிக்கு எழுப்பியவள்

மகளுக்கு,

பெற்றவளுக்குத் தன் மகளின் குரல் தெரியாமல் போகுமா? எனக்குத் தெரியாமல் போயிற்று.

நீ கல்லூரியை விட்டு மூன்று மாதமாகிறது என்று கல்லூரி அலுவலகத்திலிருந்து இன்றுதான் கடிதம் வந்தது. அத்தனை நாளும் காலை ஆறு மணிக்கு உன்னைக் கைபேசியில் எழுப்பிக்கொண்டிருந்தேன். "எழுந்துட்டேம்மா, உயிர வாங்காத" என்று தூக்கக் குரலில் முனகியது உன் அறைத்தோழியாம். அந்த எரிச்சலை வைத்துத்தான் நீயென்று நம்பினேன்.

கைபேசியை அவளிடம் விட்டுப்போனாயாம். அதே எண்ணில் அழைத்துக் கேட்டதும் அழுதுவிட்டாள். நீ இருக்கும் இடத்தை மட்டும் சொல்லவில்லை. கடிதம் அனுப்பினால் சேர்ப்பாளாம்.

தொலைவிலிருந்தும் மகளைக் கவனித்துக்கொள்வதாகச் சொல்லித் திரிந்தவள் நான்.

மறுநாள்:

இன்று காலை நான் அழைக்கவில்லை. பத்து மணிக்கு அவளே அழைத்தாள்.

"ஏன் ஆன்ட்டி எழுப்பல? முதல் கிளாஸ் போச்சு!"

அம்மா