தூக்கிப் போட்ட எண்கள்

மார்ச் 3, செவ்வாய்

சலவை ஆலையில் இன்றும் மணி மூன்று தடவை அடித்தது. நீராவிக் குழாயின் அழுத்தத்தை அளந்து, ஏறினால் மணி அடிக்க நான் செய்து கொடுத்த போர்டு அது. 4 காட்ட வேண்டிய இடத்தில் திடீரென்று 9 என்று குதிக்கிறது. கண்மூடித் திறப்பதற்குள் மறுபடி 4. பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் அத்தான், அக்காவின் வீட்டுக்காரர், ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய், குழாயில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிடுகிறார். "கம்பிக்காரி, உன் மணிக்கு ஓடியே என் தொப்பை கரைஞ்சிடும்போல." மேலாளர் சிரிக்கவில்லை. வெள்ளிக்குள் சரியாகாவிட்டால் கழற்றி எறிந்துவிடுவாராம்.

மார்ச் 4

மோட்டாரின் மின்சார இரைச்சல் ஒயரில் ஏறுகிறது என்று நினைத்து, சென்சார் ஒயரை மோட்டார் கேபிளிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கட்டினேன். இரைச்சலை வடிகட்டக் கெப்பாசிட்டரும் போட்டேன். சின்ன நடுக்கமெல்லாம் அடங்கிவிட்டது. குதிப்பு மட்டும் அப்படியே. சனியன்!

மார்ச் 6

கம்பியில் தீராததைப் புரோகிராமில் தீர்த்தேன். முப்பத்திரண்டு அளவு எடுத்து, துருத்திக்கொண்டு நிற்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு, மிச்சத்துக்குச் சராசரி. நாள் முழுக்க 4. மேலாளர் கை குலுக்கினார்.

மார்ச் 11

அத்தான் உட்கார்ந்து நிம்மதியாக டீ குடிக்கிறார். "குழாய் அப்பப்ப டங்கு டங்குன்னு இடிக்குது. உன் போர்டு சும்மாதானே இருக்கு? அப்ப ஒண்ணுமில்ல." தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

மார்ச் 12

மனசு கேட்கவில்லை. ஆலைக்கே போய், இன்னொரு போர்டில் சென்சாருக்குப் பதில் ஏறி இறங்காத ஒரு பேட்டரியை மாட்டி, எதையும் தூக்கிப் போடாமல் அளந்தேன். பக்கத்தில் மோட்டார் ஓடியது. ஒரு மணி நேரம். ஒரு குதிப்புகூட இல்லை.

அப்படியென்றால் ஒயர்மேல் தப்பில்லை. தேங்கிய தண்ணீரை நீராவி தூக்கி அடிக்கிறது. அந்த 9 நிஜம். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியிருக்கிறேன்.

மேலாளர் பக்கத்திலேயே நின்றார். கை குலுக்கிய மனுஷன். பேட்டரியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். நாளை அவர் இல்லாத நேரம் பார்த்துப் பழைய புரோகிராமை ஏற்றிவிடலாம். ஒரு நாள்தானே? அத்தானிடமாவது சொல்லியிருக்கலாம் — சொல்லவில்லை.

மார்ச் 13

காலை பத்து மணிக்குக் குழாய் வெடித்தது. நான் பஸ்ஸில் இருந்தேன்.

மார்ச் 19

ஆஸ்பத்திரி. அத்தானின் இரண்டு கைகளும் பாதி முகமும் கட்டுக்குள். அக்கா ஸ்பூனால் ஊட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள். "உன் மணி அடிக்கலையாடி?"

அத்தான்தான் பதில் சொன்னார். "அடிச்சிருந்தா ஓடியிருப்பேன்ல? அவளை விடு. போர்டுக்கு என்ன தெரியும், பாவம்."

போர்டுக்குத் தெரிந்திருந்தது. அதை நான் அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை.