இந்திரா அன்ரியின் சட்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது

ஒக்டோபர் 18, சனிக்கிழமை, காலை 6.40. நட்டவை நாற்பத்திரண்டு. நிற்பவை பதினொன்று.

என் ஆசை அம்மா,

எண்ணிக்கையை முதலிலேயே எழுதிவிட்டேன். நீங்கள் இருந்திருந்தாலும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பீர்கள். கத்தரி இருபத்துநான்கில் ஏழு நிற்கிறது. மிளகாய் பன்னிரண்டில் நான்கு. தக்காளி ஆறும் போய்விட்டது.

பின்வளவில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்து எழுதுகிறேன். விரல் விறைக்கிறது. இதற்குப் பெயர் வசந்தகாலமாம். பூமியின் தென்பாதியில் கிடக்கிற இந்த மல்கிரேவில் ஒக்டோபரை வசந்தம் என்று எழுதிவைத்தவனைப் பிடித்து இந்த வாளியில் ஒரு மணித்தியாலம் இருத்த வேண்டும். புதன்கிழமை சட்டையைக் கழற்றலாம் போல வெயில். வியாழன் மத்தியானம் தென்மேற்கிலிருந்து, குளிர்பெட்டியின் கதவைத் திறந்து விட்டதுபோல் காற்று. உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? இந்தக் காற்றோடு வருடாவருடம் சண்டை பிடித்தவர் நீங்கள்.

நீங்கள் போன மார்கழிக்குப் பிறகு இதுதான் முதல் நடவு. தோட்ட ஆசையில் நட்டேன் என்று நினைக்காதீர்கள். புல் வெட்டச் சொன்னாலே முகத்தைச் சுளிக்கிறவன் நான். இந்திரா அன்ரியைப் பழிவாங்கத்தான் நட்டேன்.

இந்தக் கடிதத்தை எங்கள் சங்க மலரில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அன்ரியும் வாசிப்பார். வாசிக்கட்டும். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: இந்திரா அன்ரி இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். அம்மாவின் சிநேகிதி. எங்கள் வீட்டிலும் கத்தரி, அவர் வீட்டிலும் கத்தரி. ஒவ்வொரு தைப்பொங்கல் காலையும் அன்ரி தன் தோட்டத்தின் முதல் ஐந்து கத்தரிக்காயைப் பையில் போட்டுக்கொண்டு வந்து அம்மாவின் கையில் கொடுப்பார். கொடுத்துவிட்டு, எங்கள் பாத்தியை எட்டிப்பார்த்து ஒரு கேள்வி கேட்பார்.

“அக்கா, உங்கட இன்னும் பூவிலையோ?”

நீங்கள் சிரித்துக்கொண்டே தேத்தண்ணி கொடுப்பீர்கள். அன்ரி படலையைத் தாண்டியதும் குசினிக்குள் வந்து பல்லைக் கடிப்பீர்கள். “ஒரு வருஷமெண்டாலும் அவளின்ரை சட்டிக்கை என்ரை கத்தரிக்காய் முதல் விழவேணும்!” அது நடக்கவே இல்லை. நீங்கள் போன அன்றும் உங்கள் கத்தரி பூவில்தான் நின்றது.

செத்தவீட்டுக்கு அன்ரி ஒரு பெரிய சட்டி நிறையச் சோறும் கறியும் கொண்டுவந்தார். என் தோளில் கையை வைத்தார். “இனி எனக்கு ஆரடா போட்டி?” என்றார். பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. வென்றவர் மேடையில் நின்று அறிவிக்கிறதுபோல் இருந்தது எனக்கு. அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன். மார்கழியில் ஒரு வருடம் நிறைந்து உங்கள் ஆட்டத்திவசம் முடிகிறது. அதன்பின் வருகிற பொங்கலுக்கு எங்களுக்குத் தடை இல்லை. அந்தப் பொங்கல் என்னுடையது.

ஓகஸ்டில் விதை போட்டேன். உங்களைப்போலவே சாமி அறையில். வீட்டிலேயே சின்ன அறை அது, ஹீற்றரின் சூடு நேரே உள்ளே அடிக்கும். முருகனுக்கு முன்னால் தயிர் டப்பாவில் நாற்று வைக்கிறீர்களே என்று எத்தனை முறை சிரித்திருப்பேன்? இந்த வருடம் முருகனுக்கு முன்னால் நாற்பத்திரண்டு டப்பாவும் ஒரு வெப்பமானியும். அப்பா விளக்கு வைக்க டப்பாக்களுக்கு இடையில் நுனிக்காலில் நடந்தார். ஒரு நாளும் குறை சொல்லவில்லை. அவர் இப்போது எதற்குமே குறை சொல்வதில்லை.

பிறகு நான் செய்த பிழைகளை எழுதுகிறேன். இரண்டு. எழுதக் கசக்கிறது.

ஒன்று, நாள் கணக்கு. நீங்கள் நாற்றுகளை முதல் நாள் ஒரு மணித்தியாலம் வெளியே வைப்பீர்கள், அடுத்த நாள் இரண்டு. இரண்டு கிழமைக்குத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு உள்ளேயும் வெளியேயும் நடப்பீர்கள், பாலர் வகுப்புக்குப் பிள்ளையைப் பழக்குகிறதுபோல. நான் மூன்று நாள் பழக்கினேன். மூன்று நாள் போதும் என்று யார் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை. எனக்குப் பொறுக்க முடியவில்லை.

இரண்டு, உங்கள் சேலைகள். பழைய நூல் சேலைகளை மேற்குப் பக்கத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுவீர்களே, ஒவ்வொரு வசந்தத்துக்கும்? உங்கள் வீட்டில் எப்போதும் துணி காய்கிறதே என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்ட அன்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கட்டடங்களுக்குக் காற்றோட்டம் வடிவமைக்கிற எஞ்சினியரின் வீட்டில் காற்றுக்குச் சேலை கட்டுவதா? ஆகவே தகரம் வாங்கினேன். ஆறு தகடு. நிலத்தில் இரும்புக் குழாய் இறக்கி, மட்டம் பார்த்து, நட்டுப் போட்டு இறுக்கினேன். ஒரு நூலளவு சரிவு இல்லை.

வியாழன் ஐந்தே காலுக்கு வேலையால் வந்தேன். தகரம் ஆறும் அப்படியே நின்றது. ஒரு நட்டுக்கூட அசையவில்லை. அதற்குப் பின்னால் முப்பத்தொரு கன்று அடியோடு முறுகிப் படுத்துக்கிடந்தது.

எந்தப் பக்கம் படுத்துக்கிடந்தது என்று கேளுங்கள் அம்மா. காற்று மேற்கிலிருந்து வந்தால் கன்று கிழக்கே சாய வேண்டும். எல்லாம் மேற்கே சாய்ந்துகிடந்தது, தகரத்தைப் பார்த்து. காற்று தகரத்தில் முட்டி, மேலால் ஏறி, மறுபக்கம் குப்புற விழுந்து, சுழன்று திரும்பி வந்து கன்றுகளை முதுகில் அடித்திருக்கிறது. முழுச் சுவருக்குப் பின்னால் காற்று சுழலும். முதலாம் வருடப் பாடம். வேலையிடத்தில் இதை மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்துச் சம்பளம் எடுக்கிறவன் நான். காற்றில் பாதியை விட்டு மீதியை மட்டும் பிடிக்கிற வேலிதான் காற்றுக்கு வேலி. அதாவது, பழைய நூல் சேலை.

தெரிந்துதான் கட்டினீர்களா? அல்லது வேறு துணி இல்லாமல் கட்டினீர்களா? நான் ஒருநாளும் கேட்கவில்லையே.

சரி, நேற்றைய கதைக்கு வருகிறேன்.

நேற்றுக் காலை அன்ரி அப்பாவுக்கு ஃபோன் எடுத்திருக்கிறார். தீபாவளிக்குச் சமைக்க, செத்தவீட்டுக்குக் கொண்டுவந்த அந்தச் சட்டி வேண்டுமாம். பத்து மாதமாக அது எங்கள் அலுமாரியில்தான் கிடந்தது. நான் வேலையால் வந்ததும் அப்பா அதைத் துடைத்து என் கையில் தந்தார். “வெறுஞ்சட்டி திருப்பிக் குடுக்கிறேல்லை” என்று நாலு தோடம்பழத்தை உள்ளே போட்டார். நடந்து போனேன். அன்ரி பின்வளவிலிருந்து கூப்பிட்டார். “பின்னாலை வாரும் தம்பி!”

போனேன். போய் நின்றுவிட்டேன்.

உங்கள் பச்சைச் சேலை. மஞ்சள் கரை போட்டது. பக்கத்தில் அந்த ஊதாப் பூச் சேலை. அதற்குப் பக்கத்தில் நீங்கள் வைத்தியரிடம் போகும்போது உடுக்கிற சாம்பல் நிறம். வரிசையாக, மேற்குப் பக்கத்தில், கயிற்றில். காற்றில் வயிறு வைத்து உப்பி உப்பி அடங்கின. அவற்றுக்குப் பின்னால் அன்ரியின் கத்தரிக் கன்றுகள் ஒன்றுவிடாமல் நிமிர்ந்து நின்றன.

“உம்மட கண்டெல்லாம் எப்பிடி, தம்பி? நேத்தைக் காத்து பொல்லாத காத்து.”

“நல்லா நிக்குது” என்றேன். பச்சைப் பொய்.

அன்ரி என் சப்பாத்தைப் பார்த்தார். சேறு. முகத்தைப் பார்த்தார். “ரண்டு கண்டு தரட்டே?”

அம்மா, அந்த வார்த்தையை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ரண்டு கண்டு தரட்டே! நீங்கள் என்றால் என்ன சொல்லியிருப்பீர்கள்? நான் சேலையைக் காட்டினேன். “அது அம்மாட சாறி.”

“ஓம். அந்தியேட்டியண்டு கொப்பா தந்தவர். உடுக்க மனம் வரேல்லை. அலுமாரிக்கை பூட்டி வைச்சு என்ன செய்யிறது? அக்கா இதுக்குத்தானே வைச்சிருந்தவ.” கயிற்றின் முடிச்சை ஒருதரம் இழுத்துப் பார்த்தார். “இந்த வருஷம் நடாமல் விடுவம் எண்டுதான் இருந்தனான். ஆரோடை நடுறது? பிறகு நீர் விதை போட்டிருக்கிறீர் எண்டு கேள்விப்பட்டன். விடலாமே?”

அந்தக் கதைக்கெல்லாம் நான் மசியவில்லை. ஆனால் சேலைக்கு உரிமை கேட்க எனக்கு வழியில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முதல்நாளா, அன்றைக்கா, அப்பா அலுமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றபோது, “எல்லாத்தையும் குடுங்கோ, வீட்டிலை இடமில்லை” என்று சொன்னவன் நான்தான். ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. செத்தவரின் உடுப்பைக் கொடுத்தபின் திருப்பிக் கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. பார்த்துக்கொண்டு நிற்கலாம். அவ்வளவுதான்.

அன்ரி சட்டிக்குக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

“இது பொங்கலுக்கு வரும்” என்றேன்.

“ஐயோ, அப்ப தீபாவளிக்கு எதிலை சமைக்கிறது?”

“வேறை சட்டி பாருங்கோ அன்ரி.”

அவருக்கு விளங்கிவிட்டது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். உங்களோடு சிரிக்கிற அதே சிரிப்பு. “சரி. பூவோடை வருமோ, காயோடை வருமோ?”

தோடம்பழத்தோடு போனேன், தோடம்பழத்தோடு திரும்பி வந்தேன்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தகரம், மேற்கே சாய்ந்தது, சேலை, இரண்டு கன்று, எல்லாம். அவர் ஒரு தோடம்பழத்தை உரித்து முழுவதையும் சாப்பிட்டு முடித்தார். எழுந்து அறைக்குள் போனார். நாலு வேட்டியோடு வந்து மேசையில் வைத்தார்.

“பழசு. கட்டு.”

“நாலு காணாது, அப்பா. ஐஞ்சு வேணும்.”

“அப்ப உடுத்திருக்கிறதையும் கழட்டவோ?” என்றார்.

பத்து மாதத்தில் அவர் விட்ட முதல் பகிடி. அவர் வாசல்வரை போய்த் திரும்பினார். “மடிச்சுக் கட்டாதை. கொம்மா ஒத்தையாத்தான் விடுறவ. ரண்டாய் மடிச்சால் காத்து உள்ளுக்கை போகாது, பிரளும் எண்டு சொல்லுவா.” பிறகு, குரலைத் தாழ்த்தி, யாரோ ஒட்டுக்கேட்கிறதுபோல: “இந்த முறை அவவை விடக்கூடாது.”

ஆகவே தெரிந்துதான் கட்டியிருக்கிறீர்கள். கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, வேறு வாயால்.

வெளிச்சம் வந்துவிட்டது. காற்று இன்னும் விடவில்லை, பதினொரு மணிக்கு மேல் கூடுமாம். பொங்கலுக்கு ஏறக்குறைய தொண்ணூறு நாள். ஒரு கத்தரிக் கன்று காய்க்க அவ்வளவும் வேண்டும். ஒரு நாள் வீணாக்க முடியாது. செய்யப்போவதை எழுதி வைக்கிறேன்:

1. தகரம் ஆறையும் இப்போதே கழற்றுவேன். குழாய்கள் நிற்கட்டும்.

2. அப்பாவின் நாலு வேட்டியும் மேற்குப் பக்கத்தில், மடிக்காமல். ஐந்தாவது இடத்துக்கு என் பட்டமளிப்புக்கு உடுத்த வேட்டி. அதற்கு இதைவிட நல்ல வேலை இனி வராது.

3. நிற்கிற பதினொன்றுக்கும் தடி ஊன்றிக் கட்டுவேன். பால் போத்தலின் அடியை வெட்டித் தலையில் கவிழ்ப்பேன். பின்னேரத்தில் எடுப்பேன், இரவுக்குத் திரும்ப வைப்பேன், இரண்டு கிழமைக்கு. எண்ணிக்கொண்டு செய்வேன்.

4. கடையில் கன்று வாங்க மாட்டேன். அன்ரி தருகிற இரண்டையும் வாங்க மாட்டேன். நீங்கள் எடுத்துவைத்த விதையில் முளைத்த கத்தரி ஏழும்தான் என் படை.

5. இறந்த முப்பத்தொன்றையும் அங்கேயே வெட்டிப் புதைப்பேன். வீணாகப் போக விட மாட்டேன்.

6. திவசத்தன்று உங்களுக்கு முன்னால் நின்று எண்ணிக்கை சொல்வேன். ஏழு ஆறாகியிருந்தாலும் மறைக்க மாட்டேன்.

7. பொங்கலன்று, அன்ரி பையைத் தூக்க முன்னமே அவர் படலையில் நிற்பேன். அவருடைய சட்டிக்குள் உங்கள் கத்தரிக்காய் ஐந்து. நேரே பின்வளவுக்குப் போய், உங்கள் பச்சைச் சேலைக்குப் பக்கத்தில் நின்று, உங்களுக்கும் கேட்கிற மாதிரி உரத்துக் கேட்பேன்: “அன்ரி, உங்கட இன்னும் பூவிலையோ?”

பொறுமையில் உங்களையே உரித்துவைத்த
உங்கள் மகன்