உறைந்த குழாய்க்கு ஒரு பதில்

அக்கா,

புதிதாகச் சுற்றிய ஹீட்டர் கம்பிக்கு முதல் தடவை கரண்ட் கொடுத்தால் ஒரு கருகல் வாசனை வரும். திருமுடிவாக்கத்தில் நான் வேலை செய்யும் பட்டறை முழுக்க அந்த வாசனைதான். இன்று அது மூக்கில் ஏறியபோது, நீ நம் வீட்டுக் கூடத்தில் நின்று பேசுவது போலவே இருந்தது.

உன் காலேஜ் செமினாரை முதலில் கேட்டவள் நான்தான். பத்தாவதோடு நின்றுவிட்ட எனக்கு, சுவரில் சார்ட் ஒட்டி, வேக அணு உலையை விளக்கினாய். அதன் சூட்டை உருகிய உலோகம்தான் சுமந்துபோகும். சோடியத்துக்குப் பதில் லித்தியத்தை ஓடவிட்டால் இன்னும் அதிகச் சூட்டிலும் கொதிக்காது. ஆனால் நூற்றெண்பது டிகிரிக்குக் கீழே இறங்கினால் குழாய்க்குள்ளேயே உறைந்துவிடும். அதனால் குழாயைச் சுற்றி ஹீட்டர்.

கரண்ட் போய்விட்டால் என்று கேட்டேன். ஜெனரேட்டர் இருக்கும் என்றாய்.

"அதுவும் நின்னு, உறைஞ்சே போயிட்டா? அப்புறம் எப்டி உருக்குவாங்க?"

விரலால் சார்ட்டில் தேடினாய். "எனக்குத் தெரியலடி. நீயே வந்து கேளு, எங்க சார் சொல்வாரு."

கேள்வியை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாய். நானும் வந்தேன், கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பேசி முடித்து, யாருக்காவது சந்தேகம் உண்டா என்று கேட்டுவிட்டு என்னையே பார்த்தாய். தாள் என் உள்ளங்கை வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் கைதட்டிவிட்டார்கள்.

ரயிலில் வீடு திரும்பினோம். தாம்பரத்தில் இறங்கும்போதுதான் சொன்னாய்: "நீயும் லித்தியம்தான்டி. சூடு பண்ணாம உள்ள விட்டது என் தப்பு."

அடுத்த தடவை கேட்கலாம் என்றாய். அடுத்த மாதம் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பதாம் நாள் நீ இல்லை.

இன்று ஹீட்டரை ஓட்டிப் பார்த்து வாங்கிப்போக ஒரு இன்ஜினியர் வந்திருந்தார். உருகிய உலோகம் ஓடும் குழாய்க்காம். முதலாளி டீ சொல்லப் போயிருந்தார். நம் கேள்வியை நான் கேட்டுவிட்டேன் அக்கா. என் குரல் எனக்கே கேட்கவில்லை. என்னம்மா என்றார். இரண்டாவது தடவையும் கேட்டேன்.

"நடுவுல சூடு வச்சிடக் கூடாதும்மா. உருகுனா பெருசாகும், ரெண்டு பக்கமும் அடைச்சிருக்கும், குழாயே வெடிச்சிடும். காலி இடம் இருக்கிற முனையிலருந்து கொஞ்சம் கொஞ்சமா உருக்கினு வரணும்."

வீட்டுக்கு ஓடிவந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்குப் போனேன், உன்னிடம் சொல்ல. சார்ட் இருந்த இடத்தில் டேப் உரிந்த நான்கு தடங்கள் மட்டும் இருந்தன. யாரைத் தேடுகிறாய் என்று அம்மா கேட்டாள்.

நீ கேள்வி எழுதிக் கொடுத்த அந்தத் தாளில், உன் கையெழுத்துக்குக் கீழே, பதிலை எழுதி மடித்துப் பையில் வைத்திருக்கிறேன். நாளைக்கும் அது என்னோடு பட்டறைக்கு வரும்.