பதினொரு நிமிடம் சத்தம் வராது

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து அம்மாவின் தையல் மெஷின் ஓடுகிறது. அதற்கு மேல் அம்மாவின் குரல், பக்கத்து வீட்டு அத்தையிடம் என்னைப் பற்றி: "ஏதோ கம்ப்யூட்டர்ல படத்துக்குச் சத்தம் ஒட்டுற வேலையாம். அவ வாயிலேர்ந்துதான் ஒரு சத்தமும் வராது."

உண்மைதான். வெள்ளிக்கிழமை படம் வெளியாகிறது என்பதைக்கூட நேற்றுதான் சொன்னேன். ராஜா காலத்துக் கதை, ஆனால் ராஜாவின் முகமே கிடையாது. போரும் கிடையாது. கோட்டையில் மணி அடிக்கிற ஒருத்தியின் கதை. ஒருநாள் மணி அறுந்து அவள் பக்கத்திலேயே விழுகிறது, காது போய்விடுகிறது. அதிலிருந்து பதினொரு நிமிடம் துளிச் சத்தம் இல்லை. அவளுக்குக் கேட்காதது நமக்கும் கேட்காது. பிறகு அவள் மகள் பின்னாலிருந்து "அம்மா" என்று கூப்பிடுகிறாள். நமக்குக் கேட்கிறது. அவள் திரும்புவதில்லை.

அந்தப் பதினொரு நிமிடம் என் யோசனை. இயக்குநர் அங்கே புல்லாங்குழல் வைத்திருந்தார். நான்தான் எடுத்துவிடச் சொன்னேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. படம் விழுந்தால் அங்கேதான் விழும் என்பதும்.

மார்ச் 7, வெள்ளி

எழுத வேண்டாம் என்று இருந்தேன்.

காலைக் காட்சி. அறுபது பேர் இருக்கலாம். கடைசி வரிசையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். சத்தம் நின்றது. முதல் நிமிடம் நன்றாகத்தான் போனது. இரண்டாவதில் ஒரு குரல்: "யோவ் ஆபரேட்டர், சவுண்டு எங்கய்யா?" விசில். "தூங்கிட்டாரு போல, யாராவது போய் எழுப்புங்கப்பா."

மேலே ஆபரேட்டர் பதறிப்போய் வால்யூமைக் கடைசிவரை திருகி வைத்திருக்கிறார். பதினொரு நிமிடம் கழித்து அந்தக் குழந்தையின் "அம்மா" கூரை இடிந்த மாதிரி வந்தது. முன்வரிசைக்காரர் கையிலிருந்த காபி அவர் சட்டைக்கே போனது. அரங்கமே சிரித்தது. அழ வேண்டிய இடத்தில்.

மார்ச் 8, சனி

தியேட்டர் மேனேஜர் இயக்குநருக்கு போன் செய்திருக்கிறார்: "அந்த ஓட்டைல ஏதாவது மியூசிக் போட்டு அடைச்சுக் குடுங்க சார். இல்லேன்னா வியாழனோட தூக்கிடறேன்."

இயக்குநர் என்னிடம் சொன்னார்: "குழல் பத்திரமா இருக்கு. அரைமணி நேர வேலை. நீயே முடிவு பண்ணு. நான் பண்ணினா அப்புறம் நீ என்கூடப் பேசமாட்டே. இப்பவே பேசறதில்ல."

பிடிவாதமா, நம்பிக்கையா? இரண்டும் உள்ளே ஒரே மாதிரிதானே இருக்கின்றன. மெத்தையடியில் வைத்திருக்கிற மூன்று நாவல்களையும் படிக்க எடுத்தேன். ஒரு பக்கமும் ஓடவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஆபரேட்டர் அறைக்கே போய்விட்டேன். ஆளுயர மெஷின், ஒரு ஸ்டூல், ஒரு ஃபிளாஸ்க், நடுவில் அவர்.

"இருபத்தெட்டு வருஷமா இதே வேலைம்மா. சத்தம் நின்னா மொதல்ல திட்டு வாங்கறது எங்கம்மாதான். அவங்க போய் ஒம்பது வருஷம் ஆச்சு, இன்னும் வாங்கிட்டிருக்காங்க."

"அது பழுதில்லண்ணே. வேணும்னே பண்ணினது."

"வேணும்னேவா? யாரு?"

"நான்தான்."

வெளியாள் ஒருவரிடம் முதன்முறையாகச் சொன்னேன். ஃபிளாஸ்க்கைத் திறந்து எனக்கும் ஊற்றினார். "நல்லா இருப்பே," என்றார். எந்த அர்த்தத்தில் என்று இப்போதும் தெரியவில்லை. பிறகு ஒரு அட்டையைத் தேடி எடுத்து அவரே எழுதி டிக்கெட் கவுன்டரில் தொங்கவிட்டார்:

'பதினொரு நிமிடம் சத்தம் வராது. மெஷின் நல்லா இருக்கு. ஆபரேட்டர் முழிச்சுத்தான் இருக்கார். அவர் அம்மாவைத் திட்ட வேண்டாம்.'

குழலைச் சேர்க்கப் போவதில்லை. வியாழன் வந்தால் வரட்டும்.

மார்ச் 10, திங்கள்

யாரோ அட்டையைப் படமெடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். என் கைப்பேசிக்கே நான்கு பேரிடமிருந்து வந்துவிட்டது.

மார்ச் 12, புதன்

முக்கால் அரங்கம். அட்டையைப் பார்த்து வந்த கூட்டம். ஒரு கல்லூரிக் கும்பல், முதலில் வாய் திறப்பவன் எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும் என்று பந்தயம். இரட்டைக் குழந்தைகளோடு வந்த ஒரு பெண் வாசலில் சொன்னாள்: "பதினொரு நிமிஷம் யாரும் என்கிட்ட எதுவும் கேக்கமாட்டாங்களாமே. அதுக்குத்தான் வந்தேன்."

நான்காவது நிமிடத்தில் ஒரு பெரியவர் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தார். இடி மாதிரி கேட்டது. வாயில் போட்டுவிட்டார், கடிக்க முடியவில்லை. பக்கத்தில் ஒரு குழந்தை ரகசியமாக: "தாத்தா, ஊற வச்சுச் சாப்பிடுங்க." மூன்று வரிசைகள் குலுங்கின, சத்தமில்லாமல். அந்தக் குலுக்கல் மெல்ல அடங்கியபோது எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்போது பார்க்கத் தொடங்கினார்கள்?

"அம்மா." இந்த முறை சரியான அளவில். யாரும் சிரிக்கவில்லை. இரட்டையரின் தாய் இரண்டு பக்கமும் கையை நீட்டித் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

வெளியே ஒருவர் தன் நண்பரிடம்: "எனக்கு ஒண்ணும் புரியலடா. நாளைக்கு வீட்ல எல்லாரையும் கூட்டிட்டு வரணும்."

மார்ச் 13, வியாழன்

தூக்கவில்லை.

மார்ச் 15, சனி

அட்டைப் படம் அத்தை வழியாக அம்மாவிடம் வந்து சேர்ந்துவிட்டது. "சத்தம் ஒட்டுற வேலைன்னே. இதுல சத்தமே இல்லையாமே. அப்ப நீ என்னத்தடி கிழிச்சே?"

மதியக் காட்சிக்குக் கூட்டிப்போனேன். உட்கார்ந்ததிலிருந்து விமர்சனம்: "இவ்ளோ நேரான தையல் அந்தக் காலத்துல ஏதுடி? இது மெஷின்ல அடிச்சது." பதினொரு நிமிடம் அம்மா எப்படித் தாங்குவாள்?

மணி விழுந்தது. அம்மா விமர்சனத்தை நிறுத்திவிட்டாள். திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

"அம்மா."

என் பக்கத்திலிருந்து, தையல் மெஷினிலிருந்து தலை நிமிராமல் என் அம்மா எனக்குச் சொல்கிற அதே குரலில், அரங்கம் முழுக்கக் கேட்க: "என்னடா கண்ணு, சொல்லு."

ஒருவரும் திரும்பவில்லை. முன்னால் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பஸ்ஸில் நான்கு நிறுத்தம் போனது. பிறகு அம்மா, ஜன்னலைப் பார்த்தபடி: "அவளுக்குக் கேக்கலல்ல. புள்ள கூப்பிடுது, யாராவது பதில் சொல்லணும்ல."

"சத்தத்தை எடுத்தது நான்தாம்மா."

"தெரியும். வீட்ல தெனமும் அதானே பண்றே."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். இறங்குமிடம் தாண்டிப் போய்விட்டோம்.

மார்ச் 19, புதன்

ஆபரேட்டர் அண்ணன் போன் செய்தார். "இன்னிக்கு அந்தப் புள்ளைக்கு அஞ்சு பேரு பதில் சொன்னாங்கம்மா. அதுல ஒருத்தர் மேனேஜர்."