லுத்பியாவின் குடல்

2024 மார்ச் 5, செவ்வாய்

கிளினிக். லுத்பியா நீள வாங்கில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். இருவருக்கும் ஒரே வருத்தம்: பெருங்குடலில் புண், இரத்தமாகப் போகும். கொட்டாஞ்சேனையில் இரண்டு தெரு தள்ளித்தான் அவள் வீடு. ஆனால் பழகியது இந்த வாங்கில்.

டொக்டர் சாந்தன் எங்களை ஓர் ஆய்வில் சேர்த்தார். "பெருங்குடல் சுவரில இருக்கிற உயிர்க்கலங்கள் கொழுப்பை எரிச்சுத்தான் உயிர் வாழுது. நார்ச்சாப்பாட்டைக் கிருமிகள் புளிக்க வைக்கேக்க வாற சின்னக் கொழுப்பமிலம். புண்பட்ட குடலில அது சரியா எரியிறேல்ல. கலம் பசியில கிடக்கும்" என்றார்.

அந்தக் கொழுப்பமிலத்தையே குளிசையாகத் தந்து பார்ப்பார்களாம். பழைய மருந்தையும் விடக்கூடாது. சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் மாக்குளிசைதான் கிடைக்கும். யாருக்கு எது என்று அவருக்கே தெரியாது.

மே 11

லுத்பியா ஹெந்தளைக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போய் வந்தாளாம். பஸ்ஸில். "புரியாணியும் தின்டேன் றோஸி. ஒண்டும் செய்யல்ல, அல்ஹம்துலில்லாஹ்."

நல்லது என்று சொல்லி போனை வைத்தேன். பஸ்ஸிலாம். நான் புறக்கோட்டைக்குப் போவதென்றாலே, வழியில் எந்தக் கடையில் கக்கூசுக்கு விடுவார்கள் என்று முதல்நாளே யோசிக்கிறவள்.

மே 12

"அவவுக்குச் சுகம் வந்தா உமக்கென்ன?" என்று என் புருசன் ஹியூபேட் கேட்டார்.

எனக்கென்னவா?

ஜூன் 4

குடலுக்குள் கமரா விட்டு எடுத்த படங்கள் வந்தன. லுத்பியா தன்னுடையதை என் மடியில் வைத்தாள். இளஞ்சிவப்பு, ஈரம், குழந்தையின் வாய்க்குள் பார்த்ததுபோல. என்னுடையதை நான் காட்டவில்லை.

ஒருத்தியின் சேலையைப் பார்த்தோ புருசனைப் பார்த்தோ இப்படி வயிறு எரிந்ததில்லை. குடலைப் பார்த்து எரிகிறது. என்ன பிறவி நான்?

கன்டீனில் கேட்டே விட்டேன். "உங்கட குளிசையில பாதியை எனக்குத் தாங்கோ. எனக்குத் தந்தது வெறும் மாதான்."

அவள் கைப்பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்குப் பயமா ஈக்கி, றோஸி. வருத்தம் திரும்ப வந்திட்டா?"

"அப்ப நான் சாகட்டும், என்ன?"

தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். தராதவள். தனக்கு வந்தால் போதும் என்றிருக்கிறவள்.

ஜூலை 20

லுத்பியா போனில் கூப்பிட்டாள். நான் எடுக்கவில்லை.

செப்டெம்பர் 3

ஆய்வு முடிந்தது. எனக்குத் தந்ததுதான் உண்மையான மருந்தாம்.

"அப்ப ஏன் டொக்டர் எனக்குச் சுகமில்ல?"

"கொழுப்பு போய்ச் சேர்ந்தாலும் கலம் அதை எரிக்க வேணுமே. உங்கட கலங்களால ஏலாமல் இருக்குது போல. வேற மருந்து பார்ப்பம்."

லுத்பியாவுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டேன். மற்றவர்களுடைய விபரம் சொல்லக்கூடாது என்றார்.

மருந்து எனக்கு, சுகம் அவளுக்கு. இனி யாரைத் திட்டுவது?

நவம்பர் 19

காலையில் லுத்பியாவின் போன். ஏனோ எடுத்தேன். "றோஸி, ரத்தம் வந்திட்டு."

முதலில் எனக்குள் எழும்பியது சந்தோசம். எழுதத்தான் வேண்டும். ஒரு கணம், அப்பட்டமான சந்தோசம். பிறகுதான் அவள் அழுவது கேட்டது. உடுப்பு மாற்றி, த்ரீவீல் பிடித்துப் போய் அவளை ஏற்றிக்கொண்டேன்.

வழியில் சொன்னாள்: "எனக்குத் தந்தது வெறும் மாவாம். இந்த நோய் சும்மாவும் அடங்குமாம், சும்மாவும் வருமாம்."

"எனக்குத் தந்தது மருந்து" என்றேன். பிறகு, "நீங்க சொன்னவுடன எனக்குச் சந்தோசமா இருந்தது, லுத்பியா."

வெளியே பார்த்தபடி இருந்தாள். "வெளங்கிச்சி" என்றாள். "நானெண்டாலும் அப்பிடித்தான்."

அவசரப் பிரிவு வாசலில் தாதி மறித்து, சொந்தக்காரர் மட்டும்தான் உள்ளே வரலாம், இவ யார் என்று சிங்களத்தில் கேட்டாள். லுத்பியா வயிற்றைப் பிடித்துக் குனிந்து நின்றபடியே சொன்னாள்: "மகே அக்கா." தன் அக்காவாம், நான்.

தாதி என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தாள், அவளுடைய முக்காட்டைப் பார்த்தாள். விலகி வழிவிட்டாள்.