இரண்டேகால் அடி

மார்ச் 4

அன்புள்ள ‘என்னங்க’வுக்கு,

முப்பது வருடமாக உங்களை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை, கடிதத்திலும் அப்படியே இருக்கட்டும். போனில் நம் இருவருக்கும் பேச்சு வருவதில்லை. நீங்கள் “ம்” என்கிறீர்கள், நான் “சரி” என்கிறேன், பிறகு யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

இங்கே பெரியவளுக்குக் கால் கட்டுப் பிரிக்க இன்னும் மூன்று வாரம் ஆகுமாம். படிக்கட்டில் விழுந்தது அவள், திட்டு வாங்குவது நான். உப்பு போதவில்லை, துணி சரியாகக் காயவில்லை, எல்லாவற்றுக்கும் குறை. நேற்று, “வீட்டை வித்துட்டு வேன்ல குடியிருக்கணுமா? இந்த வயசுல அப்பாவை ஏன் ஊர் ஊரா இழுக்கறே?” என்று கேட்டாள். தம்பியின் அறையை ஒரு நாளைக்கு இருபது தடவை நீ கடந்து போய்ப் பார், அப்புறம் கேள் என்று சொல்ல வாயெடுத்தேன். கட்டுக் காலோடு இருப்பவளிடம் என்ன சொல்வது என்று விட்டுவிட்டேன்.

சின்னவன் போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. அந்த வீட்டில் இன்னொரு வருடம் என்னால் முடியாது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும், மிகைப்படுத்தவில்லை. அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன் இல்லை. ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருந்தால், அந்த ஊர்களில் அவன் இருந்ததே இல்லை, அல்லவா?

வீட்டை வாங்கியவர்கள் மாதக் கடைசியில் வந்துவிடுவார்கள். பதினைந்து வருடம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய என் வேன் எப்படி இருக்கிறது? சீட்டுகளைக் கழற்றியாயிற்றா? கட்டில் அளவை எழுதுங்கள். இங்கே தையல் மெஷின் சும்மாதான் கிடக்கிறது, மெத்தைக்கு உறை தைத்துவிடுகிறேன்.

உங்கள்
டிரைவரம்மா

*

மார்ச் 10

அன்புள்ள டிரைவரம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முன்னால் இருக்கும் இரண்டு சீட்டைத் தவிர மற்றவற்றைக் கழற்றியாயிற்று. அடியில் ஏழு பென்சிலும் ஒற்றை ஷூ ஒன்றும் கிடைத்தன. ஷூவுக்குச் சொந்தக்காரனுக்கு இந்நேரம் கல்யாணமே ஆகியிருக்கும்.

வேனை மரப் பட்டறைக்கு நானேதான் ஓட்டிப் போனேன். கேட் தூணில் இடது பக்கம் லேசாக உரசிவிட்டது. ‘லேசாக’ என்பதை நீ நம்ப மாட்டாய் என்று தெரியும்.

சாமான்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் செய்த அலமாரிகள் சுவரோடு சேர்ந்தவை, அவை வீட்டோடு போகட்டும். சின்னவன் அறையை மட்டும் இன்னும் திறக்கவில்லை. நீ வந்து திறப்பாயா, நான் திறக்கட்டுமா?

கட்டில் நீளம் ஆறடி, அகலம் இரண்டேகால் அடி. மெத்தைக் கனம் நாலு அங்குலம்.

இப்படிக்கு,
நான்

*

மார்ச் 14

அன்புள்ள ‘என்னங்க’வுக்கு,

அறையை நான் வந்த பிறகு திறக்கலாம், இரண்டு பேருமாக. தனியாகத் திறக்க வேண்டாம், உங்களுக்கு நெஞ்சு தாங்காது.

கட்டில் விஷயத்தில் கை தவறிவிட்டதா? இரண்டேகால் அடியில் நான் படுத்தால் நீங்கள் ஜன்னலில்தான் தொங்க வேண்டும். நாலேகாலா? முப்பத்தைந்து வருடம் மர வேலை செய்தவருக்கு அளவு தப்பிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கப் போகிறேன். துணியை வெட்டாமல் காத்திருக்கிறேன், உடனே எழுதுங்கள்.

உங்கள்
டிரைவரம்மா

*

மார்ச் 19

டிரைவரம்மாவுக்கு,

அளவு சரிதான். அந்த அளவுக்கே தை.

அடுப்பு வைக்கும் மேடை தரையிலிருந்து இரண்டரை அடி. மேல் அலமாரி நாலே முக்கால் அடி. தண்ணீர் டாங்க் பின்பக்கம் வைத்திருக்கிறேன். வளைவில் திரும்பும்போது பாத்திரம் சரியாமல் இருக்க எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள் போட்டாயிற்று.

நான்

*

மார்ச் 23

உங்களுக்கு,

ஆக, தனியாகப் போகிறீர்கள்.

உங்கள் கடிதத்தைப் பெரியவளிடம் காட்டக்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது. இந்த யோசனை என்னுடையது, வேன் என்னுடையது. உறை தைக்கும் வேலையும் எனக்கே கொடுத்திருக்கிறீர்கள். உங்களை வழியனுப்ப நானே மெத்தை விரித்துத் தர வேண்டுமா?

என்னோடு இருக்க முடியவில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள், அங்குலக் கணக்கில் சொல்லாதீர்கள். இரண்டு நாளாக எனக்குத் தூக்கமில்லை. சோறு இறங்கவில்லை. பிள்ளை போய்விட்டான், வீடு போகிறது, நீங்களும் போய்விட்டால் நான் எங்கே போய் நிற்பேன்? பெரியவள் வீட்டுக் கூடத்திலா?

ஆஸ்பத்திரி வாசலில் அன்றைக்கு நான் சொன்னதுதான் காரணமா? பதினாலு மாதமாக அதைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசவில்லை. திருப்பிக் கன்னத்தில் ஓர் அறை கொடுத்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. கெஞ்சிக் கேட்கிறேன், பதில் எழுதுங்கள்.

டிரைவரம்மா

*

மார்ச் 27

அன்புள்ள டிரைவரம்மாவுக்கு,

நான் எழுதியதை நீ சரியாகப் படிக்கவில்லை. மேல் அலமாரி நாலே முக்கால் அடி என்று எழுதியிருந்தேன். அந்த உயரத்தில் அலமாரி இருந்தால் நான் நிமிரும்போதெல்லாம் நெற்றி இடிக்கும். யார் வீட்டுக்கு வேலை செய்தாலும் அந்த வீட்டம்மாவைக் கையை உயர்த்தச் சொல்லி அளவெடுப்பவன் நான். உன் கை எவ்வளவு எட்டும் என்பதை மட்டும் நான் அளக்க வேண்டியதில்லை. வேன் உனக்குத்தான். போகப் போவது நீ, நான் இல்லை.

அன்றைக்குச் சின்னவனை அனுப்பியது நான். அன்றைக்கே அந்தக் கதவுக் கீல்கள் வந்தாக வேண்டும் என்று எந்த அவசரமும் இல்லை, மறுநாள் மாட்டியிருக்கலாம். கையில் எடுத்த வேலை பாதியில் நிற்கக் கூடாது என்ற பிடிவாதம். பைக்கை எடுத்துக்கொண்டு போனான். லாரிக்காரனை எல்லோரும் திட்டினார்கள். நீ மட்டும்தான் என்னைப் பார்த்து, “ஒரு டஜன் கீலுக்காக எம்புள்ளையை அனுப்பிட்டியே” என்றாய்.

‘அனுப்பிட்டீங்களே’ என்று சொல்லவில்லை. முப்பது வருடத்தில் அந்த ஒரு தடவைதான் என்னை ‘நீ’ என்றாய். அன்றைக்குப் பேசியது என் மனைவி இல்லை, அவனுடைய அம்மா.

போகிற ஊர்களில் அவன் இருந்ததே இல்லை என்று எழுதினாய். நான் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தால் அந்த ஊருக்கெல்லாம் அவன் மூக்கும் அவன் காதும் கூடவே வரும். காலையில் நீ என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்வதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். ஓடுவது என்று முடிவு செய்தவள் நிம்மதியாக ஓட வேண்டாமா?

பட்டறை மாடியில் எனக்கு ஓர் அறை தருகிறேன் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். ஆயில் மாற்றி, டயர் பார்த்து, வேனை மெக்கானிக்கிடம் விட்டிருக்கிறேன். வேன் சாவியும் வீட்டுச் சாவியும் அவரிடம் இருக்கின்றன. சின்னவன் அறையைத் திறக்க என்னால் முடியவில்லை, மன்னித்துக்கொள்.

நல்லபடியாகப் போ.

நான்

*

மார்ச் 31
பட்டறை வாசல்

அன்புள்ள உனக்கு,

இதை வாட்ச்மேனிடம் கொடுத்து அனுப்புகிறேன். மெஷின் ஓடும் நேரத்தில் வெளியாட்களை உள்ளே விட மாட்டாராம். என்னை வெளியாள் என்கிறார்.

பெரியவள் நொண்டிக்கொண்டே வந்து பஸ் ஏற்றிவிட்டாள். காலையில் வேனைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாலும் அந்த அலமாரி என் கைக்கு எட்டுகிறது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு மெக்கானிக்கிடம் ரம்பம் கேட்டு வாங்கி உன் கட்டிலை அறுத்துப் போட்டேன். கோணல் மாணலாகத்தான் அறுத்தேன், நீ பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வாய். இப்போது வேனுக்குள் கட்டில் இல்லை, இரண்டு பேர் படுக்கத் தரை இருக்கிறது. அலமாரியை நீயே வந்து உயர்த்திக்கொள்.

அவன் அறையை நான் ஒருத்தியாகத் திறந்தேன். சட்டை நாற்காலியிலேயே கிடந்தது. நீ பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அங்கே நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, வீட்டை வாங்கியவர்கள் வந்து மணி அடித்த பிறகுதான் வெளியே வந்தேன். சாவியைக் கொடுத்துவிட்டேன். இனி உனக்கும் வீடு இல்லை, எனக்கும் இல்லை.

அன்றைக்குச் சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நினைத்துத்தான் சொன்னேன். இன்றைக்கும் நினைக்கிறேன். சொன்னது நீ நினைக்கிற மாதிரி யாரோ ஓர் அம்மா இல்லை, இதே நான்தான். அதனால்தான் இந்தக் கடிதத்தையும் ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது. முகத்தைத் திருப்பிக்கொள்வதும் உண்மை. ஆனால் திருப்பிக்கொண்ட பிறகு, நீ பார்க்காத நேரத்தில், மறுபடி பார்ப்பேன். தினமும் பார்ப்பேன். அந்த மூக்கு இந்த உலகத்தில் இப்போது உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அதை இந்தப் பட்டறை மாடியில் விட்டுவிட்டு நான் எந்த ஊருக்குப் போவேன்?

வந்தால் சும்மா இருக்க மாட்டேன். வழியெல்லாம் திட்டுவேன், நீ கேட்டுக்கொண்டு வர வேண்டும். எனக்குத் திட்டவும் வேறு ஆள் இல்லை, அழவும் வேறு ஆள் இல்லை.

நீ வெளியே வராவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. இஞ்சினை அணைக்கவில்லை. வாட்ச்மேன் இரண்டு தடவை வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டார், இன்னும் ஒருவர் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

நான்