இரண்டு முகங்கள் உள்ள துணி

ஏரிக்கரை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உங்கள் தங்கை எலுபியின் மகள் தியாமிக்கே வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம். முசூசுவில் குளிர் தொடங்கிவிட்டதா? பெரியப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன் செய்திருக்கலாம். எனக்குப் போனில் பேச்சு வராது, உங்களுக்குத் தெரியும். பட்டம் வாங்கியும் அது மாறவில்லை.

வானொலியில் கேட்டிருப்பீர்கள். எங்கள் படகுக் கட்சியும் உங்கள் கூடைக் கட்சியும் கூட்டணி சேர்ந்துவிட்டன. இரு தலைவர்களும் ஒரே தட்டில் சோளக் களி பிட்டுத் தின்னும் படம் சந்தைச் சுவரெங்கும் இருக்கிறது. பெண்களுக்குக் கொடுத்த புதிய கட்சித் துணியிலும் இருவர் முகமும் அச்சடித்திருக்கிறார்கள். இடுப்பில் சுற்றினால் ஒருவர் முகம் மடிப்புக்குள் போய்விடுகிறது. யாரை வெளியே விடுவது என்று குழாயடியில் தினமும் சண்டை. "மாசத்துல பாதி நாள் இவரு, பாதி நாள் அவருன்னு கட்டிக்கங்கடி" என்றாள் ஒருத்தி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இங்கே இரு கட்சிக்கும் பொது வேட்பாளர் எங்கள் கட்சிக் கலிஞ்சேதான். கூடைக் கட்சிக்காரி என்று உங்கள் கடையைப் பிடுங்கி, கருவாட்டைச் சாக்கடையில் கவிழ்த்த அதே கலிஞ்சே. இப்போது மேடையில் உங்கள் கூடைச் சின்னத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுகிறார்.

அன்று அம்மா கட்சித் துணி கட்டிக்கொண்டு பத்தடி தள்ளி நின்றாள். வாய் திறக்கவில்லை. பதினாலு வயதில் நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அதோடு நீங்கள் முசூசு போய்விட்டீர்கள். அதற்கு முந்தைய நாட்களைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். தேர்தல் கூட்டங்களில் பள்ளி மைதானத்தின் அந்தப் பக்கம் உங்கள் கட்சிப் பாட்டுக் குழுவோடு நீங்கள், இந்தப் பக்கம் எங்கள் குழுவோடு அம்மா, நடுவில் புழுதி. அம்மா ஆடிக்கொண்டே பாடுவாள்: "கூடையில தண்ணி மொள்ளப் போனாரு உங்க தலைவரு!" அவள் மூச்சு விடுவதற்குள் உங்கள் குரல் வந்துவிடும்: "உங்க படகுக்குள்ள பாதி ஏரி ஏறிடுச்சு, எறைக்கத்தான் போனாரு!" இரண்டு பக்கமும் சிரிக்கும். மாலையில் நம் வீட்டில் ஒரே அடுப்பில் சமைப்பீர்கள். "உன் பாட்டுல உப்பு பத்தலடி" என்று நீங்கள் சொல்ல, "உன் கொழம்புல மட்டும் பத்துதாக்கும்" என்பாள் அம்மா. எதிரெதிர்க் கட்சி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எட்டு நாளுக்கு முன், சனிக்கிழமை, அதே மைதானத்தில் கூட்டுக் கூட்டம். இருவரையும் புகழும் புதிய பாட்டைத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அம்மாவுக்கு நானே நான்கு நாள் வாசித்துச் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் மத்தளம் பழைய அடியில் விழுந்ததும் அம்மாவின் கால் பழைய பக்கம் போனது, வாயும் போனது. "கூடையில தண்ணி மொள்ளப் போனாரு" என்று பாடிவிட்டாள். அந்தக் கூடைக் கட்சித் தலைவர் மேடையிலேயே உட்கார்ந்திருந்தார். பாடி முடித்து, வழக்கம்போல் எதிர்ப்பக்கம் திரும்பி நின்றாள். பதில் சொல்ல அங்கே ஆளில்லை, பெரியம்மா. எல்லோரும் ஒரே பக்கம் நின்றிருந்தார்கள்.

பாட்டுக் குழுவிலிருந்து அன்றே அவளை நீக்கிவிட்டார்கள். அழவில்லை. மறுநாள் தேவாலயம் முடிந்ததும் நேரே கலிஞ்சே வீட்டுக்குப் போய், அக்கா கடையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டாள். நானும் கூடப் போனேன். அவர் சிரித்தார். "அட எலுபி, நாமதான் எல்லாரும் ஒண்ணாயிட்டோமே, பழசு எதுக்கு? அந்தக் கடை வேற ஆளுக்குப் போயிடுச்சு" என்றார். அம்மா சொன்னாள்: "உங்க தலைவருங்க ரெண்டு பேரும் ஒரு தட்டுல சாப்பிட்டு முடிச்சிட்டாங்க. நான் எங்க அக்காகூடச் சாப்பிட்டு ஒம்பது வருஷமாச்சு." அம்மா அவரிடம் குரலை உயர்த்தி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

திங்கட்கிழமை முதல் அம்மா தன் தக்காளிக் கடைப் பலகையில் பாதியில் மட்டும்தான் தக்காளி அடுக்குகிறாள். மறு பாதியைக் கழுவித் துடைத்துக் காலியாக விட்டிருக்கிறாள். பக்கத்துக் கடைக்காரி அங்கே வெங்காயம் வைக்க வந்தபோது, "கைய எடு, அது எங்கக்கா எடம்" என்று அதட்டிவிட்டாள்.

இந்தக் கடிதம் எழுதுவது அவளுக்குத் தெரியும். என்ன எழுதட்டும் என்று கேட்டேன். தக்காளியைத் துடைத்துக்கொண்டே, "ஏரியில மீன் நல்லா விழுதுன்னு எழுது" என்றாள். அவளுக்கு அதற்கு மேல் கேட்கத் தெரியாது. நீங்கள் அவளை வளர்த்தவர். உங்களுக்குப் புரியும்.

வெள்ளிக்கிழமைப் பேருந்துக்கு நிலையத்தில் நிற்பேன். மன்னித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்றில்லை. அவளைத் திட்டவாவது வாருங்கள், பெரியம்மா. கடவுள் உங்களை நல்லபடியாக எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் மகள்,
தியாமிக்கே